வெறும் தாங்கி

மொறிஸ் மைனர் காரில் சாவியைத் திருப்பினால் முதலில் கேட்பது எஞ்சின் சத்தமல்ல, பல்லிச் சத்தம். டிக், டிக், டிக் என்று பொனட்டுக்குள்ளிருந்து வரும். எஞ்சினுக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் எஸ்.யூ. மின் பம்ப் ஒன்று மாட்டியிருக்கிறது. பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்து, காபரேட்டரின் கிண்ணத்தை நிரப்புவது அதன் வேலை. கிண்ணம் நிரம்பினால் மிதவை எழும்பி வாயை அடைத்துவிடும். தள்ள இடமில்லாமல் பம்ப் ஓய்ந்துவிடும். பல்லி வாயை மூடிய பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். பழைய சாரதிமாருக்கு அது ஒரு நல்ல சகுனம்.

2023இல் ஒரு காலைநேரம், ஹாலிஎலவுக்குச் சற்று மேலே, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் முற்றத்தில் நின்றிருந்தேன். அவருடைய காரில் அன்றைக்குப் பல்லி வாயை மூடவேயில்லை.

பதுளை டவுனில் ரேடியேட்டரும் டேங்க்கும் ஒட்டுகிற நானாவைக் கூட்டி வந்திருந்தோம். அவர் பொனட்டைத் திறக்கக்கூட இல்லை.

"ஐயா, டேங்க்கு நிறைய இருந்தப்ப ஓடிச்சா?"

"ஓடுச்சே. பண்டாரவளைக்குப் போய் வந்தேன். அரைவாசிக்குக் கீழே இறங்கின பிறகுதான் இந்தச் சனியன்."

"அப்ப பம்ப்ல ஒன்டுமில்ல. டேங்க்கைக் கழட்டுவோம்."

தாங்கிக்குள் பெற்றோலை உறிஞ்சும் குழாய் மேலிருந்து அடிவரை இறங்குகிறது. இளநீர் குடிக்கும் ஸ்ட்ரோவின் நடுவில் ஊசியால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். துளை இளநீருக்குள் அமிழ்ந்திருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. மட்டம் இறங்கித் துளை வெளியே வந்ததும் எவ்வளவு உறிஞ்சினாலும் வாயில் காற்றுதான் வரும். அந்தக் காரின் குழாயில் அரைவாசி உயரத்தில் துரு ஒரு துளையைத் தின்றிருந்தது. அதைப் பார்க்காமலே நானா கண்டுபிடித்துவிட்டார். உண்மையில் நாம் 'உறிஞ்சுவது' எதையும் மேலே இழுப்பதில்லை. வாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். வெளியே உள்ள வளிமண்டலம் திரவத்தை அழுத்தி மேலே தள்ளுகிறது. பம்பும் அப்படித்தான். இந்த அத்தியாயத்தில் இனி நடப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் கிளைக்கதைகள். பெற்றோல் தாங்கியைப் பற்றி எழுத உட்கார்ந்த நான், பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தாங்கியைக் கழற்றுமுன் காரைப் பற்றிக் கொஞ்சம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் 16 இலட்சம் வண்டிகள்வரை வெளிவந்தன. கிளாக்கரய்யாவின் கார் 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத் தகடுகளில் ஏறி, அதன் பேரில் நாடே கொந்தளித்த காலத்துக்குச் சற்று முந்தியது. அதனால் அதற்கு இன்றும் ஆங்கில எழுத்து நம்பர்தான். முதலில் ஒரு தோட்டத்துத் துரையிடம் இருந்தது. பிறகு ஒரு கடை முதலாளியிடம் போனது. அங்கிருந்து இவரிடம் வந்தது.

பழைய கார்கள் இலங்கையில் இவ்வளவு மிஞ்சியதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. அந்நியச் செலாவணி இல்லாத 1960களிலும் 1970களிலும் புதுக் கார் என்பது கனவு. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்ததைத் தட்டி நிமிர்த்தி ஓட்டினார்கள். அதனால் தட்டி நிமிர்த்தும் கை வளர்ந்தது. எந்த அளவுக்கு என்றால், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வேர், 1990களில் இலங்கையில் கூட்டுச் சேர்ந்து அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இங்கே செய்வித்து அங்கே கொண்டுபோனார். சீமையிலிருந்து வந்த காருக்கு இங்கிருந்து உறுப்புத் தானம்.

இந்தக் காரின் தாங்கி 5 கலன் கொள்ளும், அதாவது 23 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 1957க்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் அது ஆறரைக் கலனானது. தாங்கி டிக்கியின் தரையிலேயே அமர்ந்திருக்கும். சுற்றி ஓரத் தகட்டில் வரிசையாக ஸ்க்ரூ, அடியில் ஓர் இறப்பர் பட்டி. நானா முதலில் பெற்றரியைக் கழற்றினார். பிறகு அடித் திருகைத் திறந்து, மிஞ்சியிருந்த பெற்றோலைக் கானில் வடித்தார். நிரப்பு குழாயின் ஹோஸ் கிளிப், பெற்றோல் குழாய், மிதவைக்குப் போகும் வயர் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. தாங்கியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, நிரப்பும் வாய்க்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே இருட்டில் நட்சத்திரங்கள் தெரிந்தன. அடியில் நாலைந்து, மேற்பாகத்தில் ஏழெட்டு.

அடியில் துரு ஏறுவது புரிகிறது. பெற்றோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்குதான். அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அது எங்கிருந்து வருகிறது? எந்தக் கராஜில் கேட்டாலும் 'பனி' என்பார்கள். பகலில் சூடாகும்போது தாங்கி ஆவியை வெளியே விடுகிறது. இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து வடிகிறது. என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். அங்கே சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் டீமேக்கர் காற்றின் தாகத்தைச் சொல்வார். ஆடி ஆவணியில் வறண்ட காற்று வீசும்போது வித்தியாசம் விரியும், ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் மணமும் அப்போதுதான் வரும். மார்கழி மழையில் இரண்டு வெப்பமானிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். அந்தக் காற்றைத்தான் தாங்கியும் குடிக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பனி அவ்வளவு பெரிய குற்றவாளி அல்ல. ஈரம் நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில் 25 பாகையில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். 15 பாகைக்குக் குளிர்ந்தால் அதில் 13 கிராம்தான் தங்க முடியும். அரைவாசி வெறுமையான நம் தாங்கியில் இருப்பது 11 லீற்றர் காற்று. அந்தக் காற்று முழுவதும் தினம் தினம் புதிதாக மாறினாலும் ஓர் இரவுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர்தான் வடியும். உண்மையில் மாறுவது அதில் ஒரு சிறு பங்கு. ஆக வருடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். பழசாகி வெடித்த நிரப்பு ஹோஸ் வழியே ஒரு நல்ல மழையில் இதைவிட அதிகம் உள்ளே போய்விடும். ஆகவே பனியைத் திட்டுமுன் இறப்பரைப் பாருங்கள் என்பேன். இருந்தாலும் அந்தத் தேக்கரண்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பெற்றோல் மேலே போர்வையாகக் கிடப்பதால் அது திரும்பக் காய்ந்து போவதில்லை.

பெற்றோல் மூடியிருந்தால் காற்றுப் படாதே, துரு எப்படிப் பிடிக்கும் என்று நினைக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஆணியை எண்ணெய்க்குள் போட்டுக் காட்டியதை நினைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பெற்றோலில் ஒட்சிசன் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரைவதைவிடப் பல மடங்கு. மேலேயுள்ள காற்றிலிருந்து எடுத்து, அடியில் கிடக்கும் தண்ணீருக்கு அது ஒட்சிசனைக் கடத்திக்கொண்டே இருக்கிறது. போர்வை என்று நினைத்தது கடத்தல்காரன்.

மேற்பாகத்து ஓட்டைகளுக்குக் காரணம் 2022. பெற்றோல் தட்டுப்பாட்டில், காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். ஒதுக்கீடு தொடங்கிய வருடம் அது. கிளாக்கரய்யா தன் காரின் பங்கை மகனுடைய மோட்டார் சைக்கிளுக்கு வடித்துக் கொடுத்துவிட்டு, காரைச் சாக்கால் மூடி வைத்தார். பெற்றோல் திருட்டுப் பயத்தில் சாவி போட்டுப் பூட்டும் மூடி ஒன்றையும் எங்கோ வாங்கி மாட்டினார். ஓடாத கார், அரைவாசி வெறும் தாங்கி, ஈரக் காற்று. பெற்றோல் நனைக்காத தகடு மாதக்கணக்காகக் காற்றைப் பார்த்தபடி கிடந்தது. அந்தப் பூட்டு மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

ஒட்ட முடியாது என்று நானா கையை விரித்தார். "சல்லடைக்கு ஒட்டுப் போடேலாது ஐயா. புதுசு செய்வோம்." அவர் அப்போது நோன்புக்கு ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். கிளாக்கரய்யாவுக்குப் பொறுமை இல்லை. வேறொரு பட்டறையில் அதே அளவுக்குத் தகடு வளைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு வாரத்தில் தாங்கியைக் கொடுத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மாட்டினோம். பல்லி பத்துத் தடவை கத்திவிட்டு ஓய்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

டேஷ்போர்ட்டில் பெற்றோல் முள் நிறைவுக் கோட்டையும் தாண்டி நின்றது. இரண்டு வாரம் ஓடியும் இறங்கவில்லை. "இந்த டேங்க் ராசியானது" என்றார் கிளாக்கரய்யா. மூன்றாவது வாரம் பதுளை வீதியில் பெற்றோல் தீர்ந்து கார் நின்றபோதும் முள் அதே இடத்தில்தான் இருந்தது. தாங்கிக்குள் ஒரு மிதவை, அதன் கையோடு நகரும் ஒரு மின்தடை. அந்தத் தடை வழியாக மின்சாரம் காரின் உடம்புக்குள் இறங்க வேண்டும், அதாவது ஏர்த் ஆக வேண்டும். பழைய வகை முள்ளில் தடை கூடக்கூட முள் நிறைவை நோக்கிப் போகும். புதுத் தாங்கியைச் சுற்றி இறப்பர் பட்டி, தகட்டின் மேல் தடித்த பெயின்ட். ஏர்த் எங்குமே கிடைக்கவில்லை. பாதை அறுந்தால் தடை முடிவிலி. முள்ளுக்கு அதன் அர்த்தம் 'நிரம்பி வழிகிறது.' ஒரு ஸ்க்ரூவின் அடியில் ஐந்து சதக் காசளவு பெயின்டைச் சுரண்டிவிட்டதும் அது சரியானது.

வளைவுகளில் இருமியது மட்டும் சரியாகவில்லை. ஹாலிஎலவிலிருந்து தெமோதரைப் பக்கம் ஏறும் ஒவ்வொரு திருப்பத்திலும் எஞ்சின் செருமும். 25 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.3 பங்கு வரும். பஸ்ஸில் நிற்கும் ஆள் கம்பியைப் பிடித்துச் சாய்கிறார். பெற்றோலுக்குப் பிடிக்கக் கம்பி இல்லை. அதன் மேற்பரப்பு 17 பாகை சாய்ந்துவிடும். அரை மீற்றர் அகலத் தாங்கியில் ஒரு ஓரத்துக்கும் மற்ற ஓரத்துக்கும் 15 சென்ரிமீற்றர் வித்தியாசம். கால்வாசிப் பெற்றோல் இருக்கும்போது முழுவதும் ஒரு மூலையில் குவிந்து, உறிஞ்சு குழாயின் வாய் வறண்டுவிடும். ஏற்றத்திலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறிது. பத்துக்கு ஒன்று சரிவில் அரை மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர். பட்டறைக்காரர்கள் குழாயைத் தாங்கியின் முன்பக்கமாக இறக்கியிருந்தார்கள். மட்டக்களப்புப் பக்கம் சமதரையில் ஓடினால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. மலையில் ஏறும் வண்டிக்கு அது வாயில்லாத பக்கம் ஊட்டுவது மாதிரி.

அதோடு, உள்ளே தடுப்புத் தகடும் இல்லை. அரை மீற்றர்த் தொட்டியில் எட்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் திரவம் இருந்தால், அது ஒரு பக்கம் போய்த் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வினாடி எடுக்கும். பள்ளம் விழுந்த வீதியில் கார் ஆடுவதும் கிட்டத்தட்ட அந்தத் தாளத்தில்தான். ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் எப்படி உயருமோ அப்படிப் பெற்றோல் அலை உயரும். குறுக்கே இரண்டு தகடு வைத்து, அடியில் சிறு துளைகள் விட்டால், தொட்டி மூன்று அறையாகும். அலையின் தாளம் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகும், உயரமும் ஒடுங்கும். வளைவில் பெற்றோல் ஓடி மறுபக்கம் சேர்வதற்குள் வளைவே முடிந்துவிடும்.

பெருநாள் முடிந்து நானா வந்தார். தாங்கியைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். எங்களுக்கு ஒரு பார்வை. மேல் தகட்டை வெட்டித் திறந்து தடுப்பு வைக்க வேண்டும் என்றார். ஆனால் அன்றைக்கே தொட மாட்டேன் என்றும் சொன்னார்.

"நிறைஞ்ச டேங்க்குக்கு நான் பயப்படமாட்டேன் ஐயா. வெறும் டேங்க்குக்குத்தான் பயம்."

இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் வாக்கியம் இது. எரிவது பெற்றோல் அல்ல, பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை. அதிலும் எல்லாக் கலவையும் எரியாது. காற்றில் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் எரியாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் எரியாது. திரவம் நிறைய உள்ள தாங்கிக்குள் நம் ஊர்ச் சூட்டில் ஆவி முப்பது சதவீதத்துக்கு மேல் நிற்கும். உள்ளே தீக்கு மூச்சுமுட்டும். ஆபத்து வடித்து ஊற்றிய பிறகுதான். 23 லீற்றர் தாங்கியை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு பெற்றோல் வேண்டும்? ஆவியாக்கிப் பார்த்தால் ஒன்றரை மில்லிலீற்றரிலிருந்து ஏழு மில்லிலீற்றர்வரை. அதாவது தேக்கரண்டியில் கால்வாசி தொடங்கி ஒன்றரைக் கரண்டிவரை. மடிப்பு மூட்டுகளிலும் துருவின் அடியிலும் அதைவிட அதிகம் ஒளிந்திருக்கும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். திறந்து வைத்தாலும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். மணம் போய்விட்டது என்று நம்பி வெல்டிங் கம்பியை வைத்தவர்களின் கதைகள் எல்லா ஊர்க் கராஜ்களிலும் உண்டு.

சில இடங்களில் இன்னொரு காரின் புகைக்குழாயிலிருந்து ஹோஸ் போட்டுத் தாங்கிக்குள் புகை ஏற்றுவார்கள். பெற்றோல் எஞ்சினின் புகையில் ஒட்சிசன் மிகவும் குறைவு, பெரும்பகுதி நைதரசனும் காபனீரொட்சைட்டும் நீராவியும். ஒட்சிசன் 11 சதவீதத்துக்குக் கீழே போனால் பெற்றோல் ஆவி பற்றாது. யோசனையில் பிழையில்லை. ஆனால் ஒருநாள் பெற்றோல் கார் கிடைக்காமல், சும்மா நின்று ஓடும் லொறியிலிருந்து புகை எடுத்தால்? டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் தேவைக்கு எத்தனையோ மடங்கு காற்றை இழுத்து, பயன்படுத்தாமலே வெளியே விடுகிறது. அந்தப் புகையில் ஒட்சிசன் 15 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். கறுப்பாக வருவதால் பாதுகாப்பு என்று நம்பினால் அவ்வளவுதான். பெற்றோல் புகையிலும் காபன் மொனொட்சைட்டு இருக்கிறது. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

நானா புகையை நம்பவில்லை. நாலு நாள் நிழலில் கவிழ்த்து வைத்தார். கொதிதண்ணீரில் சோப்புத்தூள் கலந்து மூன்று தடவை அலசினார். ஆவி வந்தபடி இருக்கும்போதே வாய்வரை தண்ணீர் நிரப்பினார். வெறுமை இருந்தால்தானே வெடிக்கும்? வெட்டும் இடத்தில் மட்டும் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீரைக் குறைத்து, தீப்பொறி பறக்கும் கிரைண்டரைத் தொடாமல், உளியும் கைக்கத்தரியுமாகத் தகட்டைத் திறந்தார். எனக்கு அந்த இரண்டு மணிநேரமும் வயிற்றைக் கலக்கியது. அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

ஒட்டுவதற்கு வெல்டிங் இல்லை, ஈயம்தான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகையில் உருகத் தொடங்கும். செம்புத் தலையுள்ள கட்டையை முற்றத்தின் மறுகோடியில் கரியடுப்பில் சூடாக்கி, நடந்து வந்து வைத்தார். தாங்கிக்குப் பக்கத்தில் சுவாலை என்று ஒன்று வரவேயில்லை. பற்றாசு பிடிக்கத் தகடு சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு அமிலத் திராவகம். பழைய டோர்ச் பெற்றரியின் நாக உறையைத் துண்டு துண்டாக வெட்டி உப்பமிலத்தில் போட்டார், அது நுரைத்து அடங்கும்வரை பொறுத்தார். அந்த நாகக் குளோரைட்டுக் கரைசலைக் கோழி இறகால் தடவினார். துரு சட்டென்று கரைந்து, உலோகம் வெள்ளி மாதிரி மின்னியது. வேலை முடிந்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் மூட்டுகளைக் கழுவினார். அந்த அமிலம் மூட்டில் தங்கிவிட்டால் ஒட்டியவரே அடுத்த துருவுக்கு விதை போட்ட மாதிரி.

உள்பக்கம் முழுவதும் வெள்ளீயம் கலந்த ஈயத்தை மெல்லிய பூச்சாக இழுத்தார். பழைய கார்த் தாங்கிகளில் தொழிற்சாலையே அப்படிப் பூசிய உருக்குத் தகட்டைத்தான் பயன்படுத்தியது. பெற்றோலும் தண்ணீரும் ஈயத்தை எளிதில் அசைக்காது. ஆனால் ஈயத்துக்கும் இரும்புக்கும் ஆகாது. உருகிய ஈயத்தில் இரும்பைத் தோய்த்தாலும் ஒட்டாமல் வழிந்துவிடும். வெள்ளீயத்துக்கு இரண்டோடும் உறவு உண்டு. அது இரும்போடு ஒரு மெல்லிய சேர்மப் படலத்தை உண்டாக்கி, அதன்மேல் ஈயத்தை உட்கார வைக்கிறது. கல்யாணத் தரகர் வேலை. ஒரு காலத்தில் நம் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளேயும் ஈயத் தாள்தான் விரித்தார்கள். ஈரம் புகாமல் கப்பல் ஏற வேண்டுமே. தேயிலையில் ஈயம் என்பது இன்றைக்கு நினைத்தாலே கசக்கிறது. அலுமினியத் தாள் வந்து அதை ஒழித்தது. வெறும் கையால் பூச்சு இழுத்த நானாவுக்காகவும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

நாகம் பூசிய தகட்டில் செய்தால் துருவே பிடிக்காதே என்று கிளாக்கரய்யா கேட்டார். ஆனால் பெற்றோல் பழசானால் அதில் அமிலம் உண்டாகும். அது நாகத்தை வெள்ளைப் பொடியாக்கி, அந்தப் பொடி பம்பின் சல்லடையில் போய் அடையும். பெற்றோலில் எத்தனோல் கலந்தால் தண்ணீர்த் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவில் இப்போது 20 சதவீதம் எத்தனோல் கலந்த பெற்றோல். எத்தனோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் படியும். சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களின் தலைவலி அது.

அப்படியாகத் தாங்கி தயாரானது. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்தோம், ஒரு சொட்டுக் கசியவில்லை. மிதவையின் கை தாங்கியின் ஆழத்துக்குச் சரிதானா என்று அளந்து, புதுத் தக்கைப் பெக்கிங் போட்டு, காய வைத்து மாட்டினோம். உறிஞ்சு குழாய் இப்போது நடு அறையில். ஏர்த்துக்குத் தனி வயர். தெமோதரை வளைவுகளில் ஓட்டிப் பார்த்தோம். இருமலே இல்லை.

அடுத்த ஞாயிறு அப்புத்தளைக்குப் போனோம். கிளாக்கரய்யா, பேத்தி, நான். ஹாலிஎலவிலிருந்து பண்டாரவளை வழியாக 1,430 மீற்றர் உயரத்துக்கு ஏற்றம். கார் பூனை மாதிரிப் போனது. அப்புத்தளையில் பெற்றோல் போட்டு, மூடியைப் பூட்டி, தேநீர் குடித்து, பேத்திக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்துத் திரும்பினோம். இறக்கம்தானே, எஞ்சினுக்கு என்ன வேலை? கும்பல்வெல சந்தி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கார் விக்கியது. பிறகு நின்றது. சாவியைத் திருப்பினால் பல்லி இரண்டு தடவை பலவீனமாகக் கத்தி, அடுத்ததற்கு யோசித்தது.

தடுப்புத் தகடு கழன்றுவிட்டதா? குழாய் அடைத்துவிட்டதா? நானாவை மனதுக்குள் திட்டினோம். பின்சீட்டில் பேத்தி சொன்னாள்: "தாத்தா, என் போத்தல் நசுங்கிப் போச்சு. நான் ஒண்ணும் செய்யல."

அரைவாசி குடித்து மூடி வைத்த போத்தல் இடுப்பு ஒட்டிக் கிடந்தது. அப்புத்தளையில் வளியழுத்தம் சுமார் 850 ஹெக்ரோபஸ்கல். அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் 935. மேலே மூடிய போத்தலுக்குள் மேலேயுள்ள காற்றுதான் இருக்கிறது. கீழே வரவர வெளிக்காற்று அதை நெருக்குகிறது.

பூட்டு மூடி அப்போதுதான் ஞாபகம் வந்தது. மைனரின் சொந்த மூடியில் மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. இது வேறெதற்கோ செய்த மூடி, துளையில்லை. கிளாக்கரய்யா சாவியைப் போட்டுத் திருகியதும், உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு உள்ளே போனது. தொடர்ந்து டிக்கிக்குள் 'டொங்' என்று கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். உட்குழிந்திருந்த மேல் தகடு நிமிர்ந்த சத்தம் அது. எஸ்.யூ. பம்பால் பெற்றோலை ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்துக்குத்தான் இழுக்க முடியும். அழுத்தத்தில் சொன்னால் சுமார் 70 ஹெக்ரோபஸ்கல். இறக்கத்தால் வந்த வித்தியாசமும், எஞ்சின் குடித்த பெற்றோல் விட்டுப்போன வெற்றிடமும் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டிருக்கின்றன. பெற்றோல் ஆவி ஓரளவு ஈடுகட்டும்தான், ஆனால் மேலே குளிர்ந்த பெற்றோல் அவ்வளவு சீக்கிரம் சூடேறி ஆவி விடாது. அதே 70 ஹெக்ரோபஸ்கல் 45க்கு 50 சென்ரிமீற்றர் தகட்டின்மேல் 160 கிலோ. மூன்று சீமெந்து மூட்டையைத் தாங்கியின் மேல் அடுக்கியதுபோல.

ஏறும்போது ஏன் தெரியவில்லை? அப்போது வெளியழுத்தம் குறைந்துகொண்டு போனது, உள்ளே இருப்பது கூடுதலாக நின்று பம்புக்குக் கைகொடுத்தது. அதே மூடியோடு பழைய தாங்கி ஏன் பண்டாரவளைக்குப் போய் வந்தது? மேற்பாகத்தில் ஏழெட்டு நட்சத்திரங்கள் இருந்தனவே, அது அவற்றின் வழியே மூச்சுவிட்டது. பட்டறைத் தாங்கியின் மூட்டுகளும் அரைகுறைதான், அதிலும் காற்றுப் போயிருக்கும். நானா ஒரு துளைகூட விடாமல் அடைத்த பிறகுதான் மூடியின் குற்றம் வெளியே வந்தது.

மூடியை அரைத் திருகில் தளர்த்தி வைத்து மெதுவாகப் பதுளைக்கு ஓட்டினோம். நானா கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூடியைக் கழற்றி, காரிலிருந்து தூரத்தில் பெஞ்சில் வைத்து, கை டிரில்லால் ஊசித்துளை ஒன்று போட்டு, பிசிறை அராவி, ஊதிப் பார்த்துக் கொடுத்தார்.

"எவ்வளவு நானா?" என்று கிளாக்கரய்யா சட்டைப் பையில் கையை விட்டார்.

"ஓட்டை போடுறதுக்கு நான் காசு எடுக்கிறதில்ல ஐயா. அடைக்கிறதுக்குத்தான்."